நல்ல முகம் வரும்வரை

ராத்தாவின் கமராப் பையில் கமராவைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும் என்று எங்கள் ஒழுங்கையில் கேலி பேசுவார்கள். அது முழுப்பொய்யில்லை. ஒரு சீப்பு, குத்தூசிகள் செருகிய துணித்துண்டு, கண்ணுக்குத் தீட்டும் சுர்மாக் குப்பி, வெடித்த உதட்டுக்குப் பூசும் களிம்பு, ஸ்திரி போட்டு நான்காக மடித்த வெள்ளை முக்காடு ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், பழைய துவாயில் சுற்றிய கமரா கிடக்கும். யாராவது படம் எடுக்கக் கூப்பிட்டால் முதலில் வெளியே வருவது சீப்புத்தான்.

ராத்தா என்று கூப்பிட்டாலும் அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அவருடைய உம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். வாப்பா இல்லாத வீடு. ராத்தாவின் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் காக்கா, கத்தாரில் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவது. அந்த வீட்டைத் தங்கச்சிக்குக் கட்டத்தான் அவர் போனார்.

ராத்தா படம் எடுக்கப் பழகியதும் அந்த வீட்டினால்தான். "கட்டு எந்த மட்டத்துல நிக்கி எண்டு எடுத்து அனுப்பு" என்று காக்கா போனில் சொல்வார். பழைய கைத்தொலைபேசியோடு ராத்தா வளவுக்குள் நிற்பார். பகலில் எடுக்க மாட்டார். பின்னேரம், மேற்கே வெயில் மஞ்சளாகிச் சாயும்வரை காத்திருந்து எடுப்பார். பூச்சுப் பூசாத கல்லுச் சுவர் அந்த வெளிச்சத்தில் பொன் பூசியதுபோல் இருக்கும். கத்தாரில் தன் அறைக்காரர்கள் எல்லோருக்கும் காக்கா அந்தப் படத்தைக் காட்டினாராம்.

"பகல்ல எடுத்தா என்ன புள்ள, கல்லு ஓடிப்போகுமா?" என்று மேசன் ஒருநாள் கேட்டார்.

"கல்லு ஓடாது மேசனார். ஆனா பகல்ல அது கல்லுதானே" என்றார் ராத்தா.

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் ஆண் கமராக்காரர் போக முடியாது. அதனால் ராத்தாவைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள். அங்கு நடப்பதை என் உம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மணமகள், சவூதியில் இருக்கும் வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டே இருந்தாளாம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். "எடு புள்ள, எடு புள்ள" என்று பெண்டுகள் சத்தம் போடுகிறார்கள். ராத்தா கமராவை மடியில் வைத்துக்கொண்டு மணமகளின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் படிப்பித்த ஒரு டீச்சர் தும்முகிற மாதிரித் தும்மிக் காட்டினாராம். மணமகள் சிரித்தாளாம். ஒரே ஒரு படம். அவ்வளவுதான், எழும்பிவிட்டார்.

"மாப்புளையக் காக்க வெச்சிட்டாளே, அல்லாஹ்!" என்று சொல்லிவிட்டு, "ஆனா அந்தப் படத்தப் பாத்தா அந்தப் புள்ளைக்கி ஒரு கவலையும் இல்லாத மாதிரி கிடக்கி" என்றார் உம்மா.

"மனிசருக்கு ஒரு நல்ல முகம் இரிக்கி" என்பது ராத்தா அடிக்கடி சொல்வது. "அது உள்ளுக்க கிடக்கி. நாம இழுத்து எடுக்க ஏலா. வர மட்டும் காத்து நிக்கணும்."

சாப்பிடுகிறவரை எடுக்க மாட்டார். தூங்குகிறவரை, அழுகிறவரை எடுக்க மாட்டார். "ரெடியில்லாத முகத்த எடுக்கிறது களவு" என்பார்.

என் வாப்பா கரைவலை இழுப்பவர். கமராவைக் கண்டால் பொலிஸ்காரரைக் கண்டதுபோல் விறைத்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு எடுபட்டபோது, என்னோடு வாப்பாவை நிறுத்திப் படம் எடுக்க ராத்தா வந்தார். அந்நிய ஆணான வாப்பாவின் தலையைத் தொட்டு வாரக்கூடாது என்பதால் சீப்பை என் கையில் தந்தார். பிறகு கமராவைக் கீழே இறக்கிக்கொண்டு, "சாச்சா, விடியக்காலம் வலையில பெரிய பாரையொண்டு பட்டிச்சாமே?" என்று கேட்டார். "பெருசா? எவ்வளவு தெரியுமா புள்ள?" என்று வாப்பா இரண்டு கையையும் விரித்தார். அந்த விரித்த கைக்குள் நான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய முதற்படம் அதுதான்.

கொழும்பில் ஓர் அமைப்பு, சிற்றூர்களில் படம் எடுக்கும் இளம் ஆட்களுக்கு உதவுதொகை கொடுக்கிறது என்று அறிந்தபோது விண்ணப்பத்தை நான்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ அதை எடுத்து அனுப்புவது, அதையே ஒரு வருடம் தொகுப்பது. இதுதான் ராத்தாவின் யோசனை. கிடைத்துவிட்டது. ஒரு நல்ல கமரா வந்தது. மாதம் ஒருமுறை கணினித் திரையில் பேசிப் பழக்க ஓர் ஆசிரியரும் வந்தார். சிங்களவர். அன்பான மனிதர். அவர் பேசும் இங்கிலீஷை ராத்தாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. என் லெப்டொப்பைக் கொண்டுபோய் மாமி வீட்டு முன் அறையில் வைப்போம். நாங்கள் இருவரும் தனியே இருக்கக்கூடாது என்று மாமியும் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பாக்கு வெட்டிக்கொண்டே அந்தப் பாடங்களையெல்லாம் கேட்டவர் மாமி.

ராத்தா ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஓமானில் இருக்கும் ஒருவர் கேட்ட மாமரம். குவைத்தில் வேலை செய்யும் ஒரு தாய் கேட்ட மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து. டுபாயில் இருக்கும் ஒருவரின் வாப்பா. ஆசிரியர் நிறைய நேரம் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"படமெல்லாம் நல்லமாம் மாமி. ஆனா எல்லாரும் பெருநாளைக்கி உடுத்து வெளிக்கிட்டு நிக்கிற மாதிரி இரிக்காங்களாம். வெளிக்கிடாத ஆள ஒருக்கா எடுத்துப் பாக்கட்டாம்."

"வெளிக்கிடாம ஆருகா படத்துக்கு நிக்கிற?" மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தாளுட்ட கேளு, அவர்ட கலியாணப் படத்துல வெறும் சாரனோடயா நிண்டவர் எண்டு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ராத்தா மட்டும் சிரிக்காமல், "ரெடியில்லாட்டி என்னத்தக் காணலாம் எண்டு கேளு தம்பி" என்றார். கேட்டேன். ஆசிரியர் சொன்ன பதில் சின்னது. அந்த ஆள் உங்களிடம் சொல்லாமல் விட்டதைக் காணலாம்.

ராத்தா அந்தப் பதிலை ஏற்கவில்லை. "சொல்லாம உட்டத நாம என்னத்துக்குப் பாக்கணும்?" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் வந்தும் என் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பது ஒரே படத்தைத்தான். உம்மாவின் படம். வெள்ளிக்கிழமை காலையில் மாமி குளித்து, நல்ல சாரி உடுத்து, வாசற்கதிரையில் வந்து அமர்வார். ராத்தா தலை வாரிவிட்டு முக்காட்டைச் சரிசெய்வார். பிறகு இருவரும் எதையாவது கதைப்பார்கள். கதையின் நடுவில் எங்கோ மாமியின் முகம் விரியும். அது ஒரு மணித்தியாலம் ஆனாலும் ராத்தா காத்திருப்பார். மதிலுக்கு அப்பாலிருந்து அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கேட்கும். "இந்தா, படம் எடுபட்டுட்டு" என்பார் என் உம்மா.

அந்த வருடத்தின் நடுவில் மாமிக்கு வயிற்றில் நோ தொடங்கியது. கிளினிக்குக்குப் போனார்கள், ஸ்கேன் செய்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்பதை ராத்தாவிடம் தனியாகச் சொன்னார்கள். மாமி அதை ராத்தாவின் முகத்திலேயே பார்த்துக்கொண்டார்.

மாமி சொன்னது ஒன்றுதான். காக்காவுக்குத் தெரியக்கூடாது.

"இப்ப தெரிஞ்சா போட்டது போட்டபடி வந்திருவான். வந்தா அந்தக் கம்பனிக்கித் திரும்பப் போக ஏலா. ஒன்ட ஊட்டுக்கு இன்னும் ஓடு ஏறல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்கி லீவுல வாறான்தானே? அதுவரைக்கும் நான் நிப்பன்."

"நிப்பீங்களா உம்மா?"

"நிக்காம? நீ படத்த மட்டும் நல்லா எடு."

வெள்ளிக்கிழமைப் படங்கள் தொடர்ந்தன. மாமி மெலிந்துகொண்டே போனார். தோள் எலும்பு தெரியாமலிருக்க சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையையும் போட்டுக்கொள்வார். இதெல்லாம் உம்மா எனக்குச் சொன்னது. ராத்தா உதட்டுக்குக் களிம்பு பூசுவார். கன்னத்தில் பட்டும் படாமலும் கொஞ்சம் நிறம் தொடுவார். பின்னேரம்வரை காத்திருந்து, அந்தப் பொன் பூசிய சுவரோரம் கதிரையைப் போடுவார். பழைய கதைகளைக் கதைப்பார். சிரிப்பு வரச் சுணங்கும். சிலநாள் பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும்வரை சுணங்கும். ஆனாலும் வந்துவிடும்.

"உம்மா வெளுத்து வடிவா வந்திரிக்கா" என்று கத்தாரிலிருந்து காக்கா எழுதினார். அதை ராத்தா மாமிக்கு வாசித்துக் காட்டியபோது மாமிக்குப் பெரிய சந்தோசம். "பாத்தியா?" என்றாராம்.

பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. படம் எடுத்து முடிந்தது. ராத்தா கமராவைத் துவாயில் சுற்ற உள்ளே போனார். திரும்பி வந்தபோது மாமி கதிரையிலேயே அயர்ந்துவிட்டாராம். வாய் திறந்திருந்ததாம். புழுக்கம் தாங்காமல் கழற்றிய அந்த இரண்டாவது சட்டை மடித்து மடியில் இருந்ததாம். ராத்தா துவாயை அவிழ்த்தார். வாழ்க்கையில் முதன்முதலாக ரெடியில்லாத ஒருவரைப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. முக்காடு விலகிய படம், நான் பார்க்கக்கூடாது. ராத்தா அன்று இரவு மதிலோரம் நின்று என் உம்மாவிடம் கதைத்தது மட்டும் எனக்குக் கேட்டது.

"இத அனுப்பினா காக்கா நாளைக்கே பிளேன் ஏறுவாரு சாச்சி."

"அனுப்பன்கா."

"வேணாமெண்டு உம்மா செல்லியிரிக்காவே."

கடைசியில், அன்று முதலில் எடுத்த, சிரிக்கிற படத்தைத்தான் ராத்தா காக்காவுக்கு அனுப்பினார்.

மாமி பெருநாள்வரை நிற்கவில்லை. ஒருநாள் விடியலில், சுபஹு நேரம், மௌத்தானார். எங்கள் ஊரில் ஜனாஸாவை வைத்திருப்பதில்லை. அன்று பின்னேரமே, அசர் தொழுகைக்குப் பிறகு, அடக்கிவிட்டோம். காக்கா அப்போது தோஹா விமான நிலையத்தில் டிக்கட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். மறுநாள் விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். நேரே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போனது. நான் தேத்தண்ணியைக் கொண்டுபோனபோது காக்கா ஓடு ஏறாத அந்தப் புதுவீட்டுக்குள், நிலத்தில், சுவரில் சாய்ந்து இருந்தார். கையில் போன். வெள்ளிக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருந்தா" என்றார். "இந்தா பாரு. போன கிழமை. நல்லாத்தானே இருந்தா?"

யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. ராத்தா பழைய வீட்டுக்குள் போய்த் தன் போனைக் கொண்டுவந்து, காக்காவின் கையில் கொடுத்தார். நான் எதிர்ச்சுவரோரம் நின்றேன். போனின் முதுகையும் காக்காவின் முகத்தையும்தான் கண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"இது எப்ப எடுத்த?"

"ரெண்டு கிழமைக்கி முந்தி."

"அண்டைக்கே அனுப்பியிருந்தா நான் வந்திருப்பன்தானே?"

"ஓம் காக்கா. வருவீங்க எண்டுதான் அனுப்பல்ல."

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காக்கா அந்தப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்தா தேத்தண்ணிக் கோப்பையை அவருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார். அது ஆறிப்போய், அப்படியே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

உதவுதொகையின் கடைசிப் பாடத்துக்கு நான் லெப்டொப்பைக் கொண்டு போனேன். மாமியின் கதிரை அதே இடத்தில் கிடந்தது. இப்போது அதில் என் உம்மா உட்கார்ந்தார். கொழும்பில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எந்தப் படங்களை வைப்பது என்று ஆசிரியர் தெரிவுசெய்தார். மாமியின் மரணத்துக்கு வருத்தம் சொன்னார். பிறகு, மெதுவாக, அந்த வெளிக்கிடாத படத்தை எடுத்தீர்களா என்று கேட்டார்.

"எடுத்தன் எண்டு செல்லு."

சொன்னேன். காட்ட முடியுமா என்றார்.

ராத்தா திரையைப் பார்க்காமல் பேசினார். "ஏலா எண்டு செல்லு. அது கண்காட்சிக்கி எடுத்ததில்ல. காக்காக்கு எடுத்தது. பிந்திப் போச்சி."

நான் எத்தனையோ வாக்கியங்களை அந்த மனிதருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இதை மட்டும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மாமரமும் சப்பாத்தும் டுபாய்க்காரரின் வாப்பாவும் கொழும்புக்குப் போயின. ராத்தா போகவில்லை. கமராவை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ராத்தாவின் பை ஒல்லியாகிவிட்டது. சீப்பில் மாமியின் முடி சிக்கியிருந்ததால் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று உம்மா சொன்னார். புதுச் சீப்பு ஒன்றும் வாங்கவில்லை. களிம்பில்லை, ஊசியில்லை. கலியாண வீட்டில் இப்போது அழுகிற மணமகளை அழுகிறபடியே எடுத்தார். "என்ன புள்ள இது? மௌத்து ஊடு போலக் கிடக்கி" என்று ஏசிவிட்டு, வேறு ஆளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவளுக்குக் கை போய்விட்டது என்று ஊர் பேசியது. ராத்தா கல்முனையில் பஸ் நிற்கும் தெருவில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். காக்காவும் வேறு கம்பனிக்குத் திரும்பிப் போனார். வீட்டுக்கு ஓடு ஏறியது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை.

கம்பஸ் முடித்து, பட்டத்தோடு இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கடைசியில் நானும் கத்தாருக்கு வெளிக்கிட்டேன். ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அந்த ஸ்டூடியோவுக்குத்தான் போனேன். ராத்தா வெள்ளைச் சுவருக்கு முன்னால் என்னை இருத்தினார். நான் சட்டைக் கழுத்தைச் சரிசெய்யக் கையைத் தூக்கி இறக்கினேன். பளிச் என்றது.

"முடிஞ்சி" என்றார்.

"ராத்தா, நான் இன்னும் ரெடியாகல்ல."

"தெரியும்."

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாப்பாவிடம் பாரை மீனைப் பற்றிக் கேட்ட அந்த ஆளைத் தேடினேன். அவர் கமராவின் திரையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ போனதும் ஒன்ட உம்மாவ மாசம் மாசம் நான் எடுத்து அனுப்புவன். எந்த நாள் எண்டு செல்ல மாட்டன். வெளிக்கிட உடமாட்டன். வடிவா இரிக்கிற படம் வேணுமெண்டா வேற ஆளப் புடி."

"நீங்களே அனுப்புங்க."

"அழகில்ல எண்டு செல்லப்படாது."

"செல்ல மாட்டன் ராத்தா."

சொன்னபடியே செய்கிறார். படங்கள் வருகின்றன. அடுப்புக்கு ஊதும்போது உம்மா, மீனுக்குப் பேரம் பேசும்போது உம்மா, தொழுகைப் பாயிலிருந்து எழும்பும்போது உம்மா. "அந்தப் புள்ள களவா வந்து நிக்கிறாகா, தலய மூடக்கூட நேரம் தாறல்ல" என்று உம்மா போனில் முறைப்படுவார். எனக்கு வரும் படங்களை ராத்தா உம்மாவுக்குக் காட்டுவதில்லை. என் அறையில் இருப்பவர்களுக்கு நானும் காட்டுவதில்லை.

இந்த மாதப் படத்தில் உம்மா கிணற்றடியிலிருந்து வருகிறார். ஒரு கையில் வாளி. மற்றக் கை மதிலைப் பிடித்திருக்கிறது. சாய்ந்து பிடித்ததல்ல, விரல்கள் கல்லை இறுக்கியிருக்கின்றன. போன மாதப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும், ஓரத்தில், கதவு நிலையில் ஒரு கை. நான் கவனித்திருக்கவில்லை.

உம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "எனக்கென்ன மனே, நல்லா இரிக்கன். நீ சாப்பிட்டியா?" என்றார்.

பிறகு ராத்தாவுக்கு எழுதினேன். உம்மா ஏன் மதிலைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் எடுத்தன்" என்று பதில் வந்தது.

காலையில் போய் லீவு கேட்டேன். தந்துவிட்டார்கள். உம்மாவுக்கு இரண்டு முக்காடு வாங்கியிருக்கிறேன். ராத்தாவுக்கு ஒரு சீப்பு வாங்கினேன். கொடுத்தால் வாங்குவாரோ தெரியாது.